மடைக்கு ஒரு கை

நுழையும்முன்

இலக்கண நெறியிலிருந்து மாறி அமையும் சொல்லையும் தொடரையும் 'வழு' என்றனர் நம் முன்னோர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என அது எழுவகைப்படும் எனவும் வகுத்தனர். இன்று கணினி நிரலில் நேரும் பிழையையும் நாம் வழு என்றே அழைக்கிறோம். இப்பெயர் பொருத்தமானதே. செய்ய வேண்டிய இடத்தில் செய்யாமல் வேறிடத்தில் செய்வதாலும், செய்ய வேண்டிய காலத்தில் செய்யாமல் முன்பின்னாகச் செய்வதாலுமே கணினியின் கடினமான வழுக்கள் பல பிறக்கின்றன. அத்தகைய இடவழுக்களையும் காலவழுக்களையும் கண்டறிந்து களையும் முறையை, தாமிரபரணிக் கரையின் நீர்ப்பாசன மரபோடு ஒப்பிட்டு விளக்குகிறது இப்பாடம்.

கால்வாயும் ஒழுங்கும்

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. ஆற்றின் மறுகரையில் அம்பாசமுத்திரம் இருக்கிறது. தாமிரபரணியின் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளுள் ஒன்றான கன்னடியன் அணைக்கட்டிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய், வெள்ளாங்குளி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி எனப் பல ஊர்களின் வயல்களுக்கு நீர் தருகிறது. கார், பிசானம் என்னும் இருபோக நெல் சாகுபடியும் இந்நீரை நம்பியதே.

கால்வாயில் ஓடும் நீர் ஒன்று. அதனை எதிர்நோக்கும் வயல்களோ பல. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி மடையைத் திறந்தால் என்ன ஆகும்? தலைமடை வயலில் வரப்பு உடையும். கடைமடை வயலில் பயிர் வாடும். இதனைத் தவிர்க்கவே நம் சிற்றூர்களில் 'நீர்பாய்ச்சி' என்னும் பொறுப்பு ஏற்பட்டது. எந்த வயலுக்கு எப்போது நீர் விடுவது என்பதை அறிந்து மடையைத் திறக்கவும் அடைக்கவும் உரியவர் அவர் ஒருவரே. நீர் வேண்டுவோர் அவரிடம் சொல்லலாம்; தாமே மண்வெட்டியை எடுத்து மடையை வெட்டக் கூடாது.

இந்த எளிய ஒழுங்கை நினைவில் கொள்க. கணினித் திரையில் தோன்றும் ஒவ்வொரு சாளரத்திற்குப் பின்னும் இதே ஒழுங்கு இயங்குகிறது. அது மீறப்படும்போது திரை உறைகிறது; எண்கள் பொய்யாகின்றன; நிரல் முறிந்து விழுகிறது.

சாளரத்தின் உள்ளே

எழுத்து வடிவில் மட்டும் ஆணைகளைப் பெற்ற கணினி, பிற்காலத்தில் பொத்தான்களும் பட்டியல்களும் படங்களும் கொண்ட சாளரங்களைக் காட்டத் தொடங்கியது. இதனை வரைகலைப் பயனர் இடைமுகம் என்பர். பொத்தான், எழுதும் பெட்டி, பட்டியல், நகர்த்துபட்டை போன்ற சாளர உறுப்புகளை 'விட்ஜெட்' என அழைப்பது வழக்கம். ஒவ்வொரு நிரலாளரும் இவ்வுறுப்புகளைப் புதிதாக வரைந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. ஆயத்தமாகச் செய்துவைக்கப்பட்ட உறுப்புகளைத் தருபவை கருவித்தொகுப்புகள். ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே, கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளுக்காகத் தோன்றிய ஜிடிகே, நார்வே நாட்டில் பிறந்த க்யூட் ஆகியன அவற்றுள் புகழ்பெற்றவை.

இத்தொகுப்புகள் பெரும்பாலும் சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டவை. கைடோ வான் ராசம் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட பைத்தான் மொழியிலிருந்து இவற்றைப் பயன்படுத்த இடையில் ஒரு பாலம் வேண்டும். அப்பாலமே 'பிணைப்பு' எனப்படும். டிகேயின் பைத்தான் பிணைப்புக்கு டிகேஇன்டர் என்று பெயர். க்யூட்டுக்குப் பைக்யூட் உண்டு. ஜிடிகேக்குப் பைஜிஆப்ஜெக்ட் உண்டு. பாலத்தின் இரு கரைகளிலும் வேறுவேறு விதிகள் நிலவுகின்றன என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம். அதன் விளைவுகளைப் பின்னர்க் காண்போம்.

சாளரம் திறந்தவுடன் நிரல் ஒரு முடிவில்லாச் சுழலுக்குள் நுழைகிறது. இதனை நிகழ்வுச் சுழல் என்பர். சுட்டி அழுத்தப்பட்டது, விசை தட்டப்பட்டது, சாளரம் நகர்த்தப்பட்டது என்னும் நிகழ்வுகள் ஒரு வரிசையில் வந்து நிற்கின்றன. சுழல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, உரிய செயற்கூற்றை அழைக்கிறது. அது முடிந்ததும் அடுத்த நிகழ்வை எடுக்கிறது. திரையைப் புதிதாக வரைவதும் இந்தச் சுழலின் வேலையே. ஆகவே இச்சுழலை இயக்கும் முதன்மை இழையே சாளரத்தின் நீர்பாய்ச்சி.

இழை என்பது நிரலுக்குள் ஓடும் ஒரு செயல்தொடர். ஒரு நிரலில் ஒன்றுக்கு மேற்பட்ட இழைகள் இருக்கலாம். அவை மாறிமாறியோ ஒருங்கேயோ இயங்கக்கூடும். ஆயினும் எத்தனை இழைகள் இருந்தாலும் சாளர உறுப்புகளைத் தொட உரிமையுடையது முதன்மை இழை ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டு

கல்லிடைக்குறிச்சி என்றதும் பலருக்கு நினைவில் எழுவது அப்பளம். அவ்வூரின் ஓர் அப்பளத் தொழிற்கூடத்தைக் கற்பனையாக எண்ணிக்கொள்வோம். பெண்கள் பிசைந்த மாவைப் பெற்றுச் சென்று, வீட்டிலேயே அப்பளம் இட்டு, உலர்த்திக் கூடையில் கொண்டுவருகின்றனர். இரண்டு மேசைகளில் இரண்டு மின்னணுத் தராசுகள் உள்ளன. நிறுத்த எடைக்கேற்ப வாரக் கடைசியில் கூலி வழங்கப்படுகிறது. இக்கணக்கைக் காட்ட ஒரு மாணவி பைத்தானில், டிகேஇன்டர் கொண்டு ஒரு நிரல் எழுதுகிறாள் எனக் கொள்வோம். பெயர்ப் பட்டியல், 'எடையிடு' என்னும் பொத்தான், 'வாரக் கணக்கு' என்னும் பொத்தான், மொத்த எடையைக் காட்டும் ஒரு பெட்டி ஆகியன அதன் உறுப்புகள்.

நிரல் சிறியது, ஆனால் அதன் பின்னால் உழைப்பின் கூலி இருக்கிறது. ஓர் எண் தவறினால் ஒரு வீட்டின் வருவாய் குறையும். இந்தச் சிறு நிரலில் நேரக்கூடிய வழுக்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

உறைந்த சாளரம்

முதல் குறை இது: 'வாரக் கணக்கு' பொத்தானை அழுத்தியதும் சாளரம் உறைந்துவிடுகிறது. இருபது நொடிகளுக்கு எந்தப் பொத்தானும் இயங்குவதில்லை. சாளரத்தின் மேல் வேறொரு சாளரத்தை நகர்த்தினால் அதன் சுவடு அப்படியே படிந்து நிற்கக்கூடும். பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் அழுத்தினால், உறைநிலை நீங்கியதும் அத்தனை அழுத்தங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்படுகின்றன.

கணினி பழுதாகவில்லை, நீர்பாய்ச்சியை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டோம். அவ்வளவே. பொத்தான் அழைத்த செயற்கூறு நீண்ட கணக்கீட்டில் ஈடுபட்டிருப்பதால், நிகழ்வுச் சுழல் அடுத்த நிகழ்வை எடுக்க இயலாமல் நிற்கிறது. வரிசை மட்டும் நீள்கிறது. தராசிலிருந்து எடை வரும்வரை காத்திருப்பதும், இணையத்திலிருந்து கோப்பு வரும்வரை காத்திருப்பதும், 'சிறிது நேரம் உறங்கு' என்று நிரலுக்கு ஆணையிடுவதும் இதே விளைவைத் தரும்.

நொடியின் சிறு பகுதியில் முடியும் வேலையை மட்டுமே முதன்மை இழையில் செய்ய வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முதல் பாடம். நீண்ட வேலையைத் தனி இழையிடம் ஒப்படைக்க வேண்டும்.

இரு கை பட்ட மடை

மாணவி தன் நிரலைத் திருத்துகிறாள். வாரக் கணக்குக்கு ஓர் இழை, தராசு ஒவ்வொன்றுக்கும் ஓர் இழை என மூன்று பணியிழைகளை அமைக்கிறாள். ஒவ்வோர் இழையும் தன் வேலை முடிந்ததும் விடையைத் தானே சாளரத்தின் பெட்டியில் எழுதுகிறது. சாளரம் இப்போது உறைவதில்லை. ஆனால் புதிய குறை ஒன்று தலைகாட்டுகிறது. பெரும்பாலான நாள்களில் நிரல் நன்றாகவே இயங்குகிறது. சில நாள்களில் மட்டும், முதன்மை இழை முதன்மைச் சுழலில் இல்லை என்னும் பொருள்பட ஒரு பிழைச்செய்தி தோன்றுகிறது. இதே முறையில் வேறு கருவித்தொகுப்புகளைக் கையாண்டால் எழுத்துகள் பாதி வரையப்பட்டு நிற்கலாம்; எச்செய்தியும் இன்றி நிரலே முறிந்து விழவும் கூடும்.

இதுவே இடவழு. சாளர உறுப்பைத் தொடும் உரிமை இல்லாத இழை அதனைத் தொட்டுவிட்டது. ஒரு பட்டியலின் பத்தாவது வரியை முதன்மை இழை வரைந்துகொண்டிருக்கும் நேரத்தில், பணியிழை அவ்வரியை நீக்கினால் என்ன ஆகும்? வரைந்துகொண்டிருந்த கை வெற்றிடத்தைத் தொடும். எப்போதும் அவ்வாறு நேர்வதில்லை. இரண்டும் ஒரே நுண்கணத்தில் சந்தித்தால் மட்டுமே நேரும். ஆதலால்தான் இவ்வழு சோதனையில் மறைந்திருந்து, கூட்டம் மிகுந்த நாளில் வெளிப்படுகிறது.

இதற்குத் தீர்வு கால்வாய்க் கரையிலேயே இருக்கிறது. நீர் வேண்டுவோர் நீர்பாய்ச்சியிடம் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதுபோல, பணியிழை தன் விடையை ஒரு செய்தியாக வரிசையில் இட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். முதன்மை இழை குறித்த கால இடைவெளியில், எடுத்துக்காட்டாக நூறு மில்லிநொடிக்கு ஒருமுறை, அவ்வரிசையைப் பார்த்து, இருக்கும் செய்திகளை எடுத்துச் சாளரத்தில் எழுத வேண்டும். டிகேஇன்டரில் இதற்கு 'ஆஃப்டர்' என்னும் செயற்கூறு உதவுகிறது. ஜிடிகேயில் 'ஐடில் ஆட்', டபிள்யூஎக்ஸ்பைத்தானில் 'கால்ஆஃப்டர்', க்யூட்டில் குறிகைகள் எனப்படும் 'சிக்னல்' முறை எனப் பெயர்கள் மாறினாலும் நெறி ஒன்றே.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. வரிசையில் செய்தி இல்லையெனில், வரும்வரை காத்திருக்கும்படி முதன்மை இழையை நிறுத்தக் கூடாது. அவ்வாறு நிறுத்தினால் பழைய உறைநிலை வேறு வாயில் வழியாகத் திரும்பி வந்துவிடும். இருந்தால் எடு, இல்லையேல் உடனே திரும்பு என்பதே முறை.

காணாமற்போன மூன்று கிலோ

மூன்றாவது குறை இவற்றினும் நுட்பமானது. இதில் பிழைச்செய்தி இல்லை, உறைநிலை இல்லை, சாளரம் அழகாகவே இருக்கிறது. எண் மட்டும் பொய்யாகிறது.

ஒரு பெண் இரண்டு கூடைகள் கொண்டுவருகிறார். வேலை விரைவாக முடியட்டும் என்று இரண்டும் இரு மேசைகளில் ஒரே நேரத்தில் நிறுக்கப்படுகின்றன. அவருடைய அவ்வாரக் கணக்கில் ஏற்கெனவே 42 கிலோ உள்ளது. முதல் கூடை 3 கிலோ, இரண்டாவது 2.5 கிலோ. மொத்தம் 47.5 கிலோ ஆக வேண்டும்.

கூட்டல் என்பது நமக்கு ஒரு செயல்; கணினிக்கோ மூன்று. பழைய எண்ணைப் படிப்பது, புதியதைக் கூட்டுவது, விடையை எழுதுவது என அது பிரிகிறது. முதல் தராசின் இழை 42 என்று படிக்கிறது. அது எழுதுவதற்கு முன்பே இரண்டாம் தராசின் இழையும் 42 என்று படித்துவிடுகிறது. முதல் இழை 45 என்று எழுதுகிறது. இரண்டாம் இழை அதனை அறியாமல் 44.5 என்று எழுதுகிறது. மூன்று கிலோ அப்பளம் கணக்கிலிருந்து மறைந்தது. இரு கூடைகளும் சரியாகவே நிறுக்கப்பட்டன. இரு இழைகளும் சரியாகவே கூட்டின. ஆயினும் விடை தவறு. இதுவே காலவழு. இழைகளுக்கிடையே நிகழும் இத்தகைய முந்துதலைப் பந்தயநிலை என்பர்.

பைத்தானின் வழக்கமான வடிவத்தில் ஒரு நேரத்தில் ஓர் இழையே பைத்தான் ஆணைகளை இயக்கும் வகையில் பொதுப்பூட்டு ஒன்று உண்டு. அது நம்மைக் காக்கும் எனச் சிலர் நம்புவர். அந்நம்பிக்கை போதாது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையிலேயே முறை மற்றோர் இழைக்கு மாறக்கூடும். மேலும், 2024 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.13 பதிப்பில் அப்பொதுப்பூட்டு இல்லாத வடிவமும் சோதனை முறையில் வழங்கப்பட்டுள்ளது.

இவ்வழுவைக் களைய இரு வழிகள் உண்டு. முதலாவது, கணக்கைத் தொடுமுன் பூட்டி, தொட்டபின் திறப்பது. பூட்டு நல்லது, ஆனால் பூட்டுகள் பெருகினால் புதிய இடர் வரும். ஓர் இழை 'பெயர்ப்பட்டியல்' பூட்டை வைத்துக்கொண்டு 'கணக்கு' பூட்டுக்காகவும், மற்றோர் இழை 'கணக்கு' பூட்டை வைத்துக்கொண்டு 'பெயர்ப்பட்டியல்' பூட்டுக்காகவும் காத்திருந்தால் இரண்டும் என்றென்றும் நிற்கும். இதனை முட்டுக்கட்டை நிலை என்பர். எல்லா இழைகளும் பூட்டுகளை ஒரே வரிசைமுறையில் எடுத்தால் இதனைத் தவிர்க்கலாம்.

இரண்டாவது வழி அதனினும் எளியது. கணக்கை யாரும் பங்கிட்டுக் கொள்ள வேண்டாம். தராசின் இழைகள் 'இன்னார் பெயரில் 3 கிலோ', 'இன்னார் பெயரில் 2.5 கிலோ' என்று வரிசையில் செய்தி மட்டும் இடட்டும். முதன்மை இழை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டி எழுதட்டும். சாளரத்தைக் காத்த அதே ஒழுங்கு கணக்கையும் காக்கிறது. மடைக்கு ஒரு கை என்பதன் முழுப்பயன் இங்கே விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலும் பெரும் மின்தடை ஏற்பட்டது. ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். மின்தடத்தில் மரக்கிளைகள் உரசியதும், நிலைமையை உரிய நேரத்தில் உணராததும் காரணங்கள். ஒஹையோ மாநிலக் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை விடுக்க வேண்டிய மென்பொருள், பந்தயநிலை வழு ஒன்றினால் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகச் செயலற்றிருந்தது. எச்சரிக்கை வராததை 'எல்லாம் நலம்' என்று பணியாளர்கள் எண்ணினர். அவ்வழுவை நிரலுக்குள் தேடிக் கண்டுபிடிக்கப் பல வாரங்கள் ஆயின.

பாலத்தில் பிறக்கும் வழுக்கள்

இழைகளே இல்லாத நிரலிலும் சில குறைகள் தோன்றும். அவை பைத்தானும் கருவித்தொகுப்பும் சந்திக்கும் பிணைப்பில் பிறப்பவை.

தொழிற்கூடத்தின் முத்திரைப் படத்தைச் சாளரத்தில் காட்ட ஆணையிடுகிறோம். பிழைச்செய்தி ஏதுமில்லை, ஆனால் படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. காரணம் இது: படத்தை ஏற்றிய செயற்கூறு முடிந்ததும், அதனைக் குறித்த பெயர் மறைகிறது. இனி இப்படத்தை யாரும் வேண்டவில்லை எனக் கருதிப் பைத்தான் அதனை நினைவகத்திலிருந்து நீக்குகிறது. பாலத்தின் மறுகரையில் டிகேயின் உறுப்பு அப்படத்தை நம்பி நிற்பதைப் பைத்தான் அறியாது. சாளரம் இருக்கும்வரை நிலைத்திருக்கும் ஒரு பெயரில் படத்தைச் சேமித்து வைப்பதே தீர்வு. க்யூட்டில் இதற்கு எதிரானது நேரும். மறுகரையில் உறுப்பு அழிந்துவிட, பைத்தானில் அதன் பெயர் மட்டும் எஞ்சும். அப்பெயரைத் தொட்டால், அழிக்கப்பட்ட பொருளைத் தொட்டதாகப் பிழைச்செய்தி வரும். பொருளும் பெயரும் பிரிந்த நிலை இது.

இன்னொரு குறை பயில்வோர் பலருக்கும் நேர்வது. பத்துப் பெண்களின் பெயர்களுக்கு ஒரு மடக்கினால் பத்துப் பொத்தான்கள் அமைக்கிறோம். எதனை அழுத்தினாலும் பத்தாமவரின் கணக்கே திறக்கிறது. பொத்தானுக்குரிய பெயர், அமைக்கும் நேரத்தில் அன்றி அழுத்தும் நேரத்திலேயே பார்க்கப்படுவது இதன் காரணம். அழுத்தும் நேரத்தில் மடக்கு முடிந்து, மாறியில் கடைசிப் பெயரே நிற்கிறது. ஒவ்வொரு பொத்தானையும் அமைக்கும்போதே அதற்குரிய பெயரைத் தனியே கட்டி வைத்துவிட வேண்டும்.

பொத்தானை அழுத்தாமலே அதன் வேலை நடந்துவிடுவதும் உண்டு. செயற்கூற்றின் பெயரைக் கொடுக்க வேண்டிய இடத்தில், பெயருக்குப் பின் அடைப்புக்குறியிட்டு அதனை அழைத்துவிடுவதால் நேர்வது அது. 'நாளை வருக' என்று சொல்லியனுப்ப வேண்டியவரைக் கையோடு அழைத்து வந்ததற்கு இது நிகர்.

வழு தேடும் முறை

கடைமடை வயல் காய்ந்தால் அவ்வயலில் நின்று மண்ணைக் கிளறிப் பயனில்லை. கால்வாயின் கரையோடு மேல்நோக்கி நடக்க வேண்டும். உடைப்பு வேறெங்கோ இருக்கும். வழு வெளிப்படும் இடமும் அது பிறக்கும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. தேர்ந்த நிரலாளர்கள் பின்பற்றும் படிநிலைகள் சில வருமாறு:

1. வழுவை மீண்டும் வரவழைத்தல்: எந்தச் செயல்களைச் செய்தால் குறை தோன்றுகிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். வரவழைக்க இயலாத வழுவைத் திருத்திவிட்டோம் எனக் கூற இயலாது.

2. பிழைச்செய்தியை முழுமையாகப் படித்தல்: பைத்தானின் பிழைச்செய்தியில் கடைசி வரி என்ன நேர்ந்தது என்பதையும், அதற்கு மேலுள்ள வரிகள் எவ்வழியே வந்தது என்பதையும் கூறும். அஞ்சி மூடிவிடாமல் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

3. நிரலைச் சுருக்குதல்: தொடர்பற்ற பகுதிகளை ஒவ்வொன்றாக நீக்கி, குறை தோன்றும் மிகச் சிறிய நிரலைப் பெற வேண்டும். சுருங்கச் சுருங்கக் காரணம் தெளியும்.

4. யார் தொட்டது எனக் காணுதல்: சாளர உறுப்பைத் தொடும் ஒவ்வோரிடத்திலும் அப்போது இயங்கும் இழையின் பெயரை அச்சிடச் செய்யலாம். முதன்மை இழையல்லாத பெயர் ஒன்று தென்பட்டால் இடவழு பிடிபட்டது. நிரல் உறைந்து நின்றால், 'ஃபால்ட்ஹேண்ட்லர்' என்னும் கூறு ஒவ்வோர் இழையும் எவ்வரியில் நிற்கிறது என்பதைக் காட்டும்.

5. காலத்தை நீட்டிப் பார்த்தல்: பந்தயநிலை உண்டென ஐயுற்றால், படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே வேண்டுமென்றே சிறு தாமதத்தைப் புகுத்த வேண்டும். ஆயிரத்தில் ஒருமுறை வந்த வழு ஒவ்வொரு முறையும் வரத் தொடங்கும்.

6. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்: பல மாற்றங்களை ஒருங்கே செய்தால் எது பயன் தந்தது என அறிய இயலாது. செய்ததையும் கண்டதையும் குறிப்பேட்டில் எழுதி வருதல் நன்று.

7. திருத்தியபின் சோதித்தல்: முன்பு வழுவை வரவழைத்த அதே செயல்களைப் பன்முறை மீண்டும் செய்து, அது வரவில்லை என உறுதிசெய்ய வேண்டும். சாளரத்தை மூடும்போது பணியிழைகளும் நிற்கின்றனவா எனவும் பார்க்க வேண்டும். சாளரம் மறைந்தபின்னும் நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதும் ஒரு வழுவே.

இலக்கணத்தில் தகுந்த காரணம் இருப்பின் வழுவையும் ஏற்பர், அது வழுவமைதி. 'எப்போதாவதுதான் நேர்கிறது, மீண்டும் திறந்தால் சரியாகிவிடுகிறது' என்பது வழுவமைதிக்கு உரிய காரணம் ஆகாது. எப்போதாவது மறையும் மூன்று கிலோ, யாரோ ஒருவரின் மூன்று கிலோ.

தமிழில் நிரல்

இச்சிக்கல்கள் பிறமொழியாளருக்கு மட்டும் உரியவை அல்ல. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் வகையில் 'எழில்' என்னும் கட்டற்ற நிரல்மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கினார். அதனைப் பற்றிய கட்டுரையை 2009ஆம் ஆண்டு வெளியிட்டார். அம்மொழியின் இயக்கி பைத்தானில் எழுதப்பட்டது. எழிலில் நிரல் எழுதி இயக்கிப் பார்க்க 'எழுதி' என்னும் வரைகலைச் செயலியும் ஜிடிகேயின் பைத்தான் பிணைப்பைக் கொண்டு அமைக்கப்பட்டது.

இத்தகைய செயலியை அமைப்போர் எதிர்கொள்ளும் வினாவை எண்ணிப் பாருங்கள். பயிலும் மாணவர் ஒருவர் முடிவில்லா மடக்கு ஒன்றை எழுதி 'இயக்கு' என்று அழுத்திவிடலாம். அந்நிரலை முதன்மை இழையிலேயே இயக்கினால் சாளரம் முழுவதும் உறையும்; அவர் எழுதியதைச் சேமிக்கவும் வழியிராது. பிறர் எழுதிய நிரலை வேறோர் இழையிலோ தனிச் செயல்முறையிலோ இயக்கி, வெளியீட்டைச் செய்தியாகப் பெற்று, முதன்மை இழை மட்டும் திரையில் எழுதுமாறு அமைப்பதே பாதுகாப்பு. பயில்பவரின் பிழை அவர் எழுதியதை அழித்துவிடாமல் காப்பது நல்ல கருவியின் இலக்கணம்.

நாளை நீங்களும் உங்கள் ஊர்த் தொழிலுக்கோ, நூலகத்திற்கோ, பால் கூட்டுறவுச் சங்கத்திற்கோ ஒரு நிரல் எழுதக்கூடும். அதனைப் பயன்படுத்துவோர் இழையையும் சுழலையும் அறியமாட்டார். திரையில் தோன்றும் எண்ணை மட்டுமே நம்புவார். அந்நம்பிக்கைக்குப் பொறுப்பு நிரலை எழுதியவருடையது. ஒவ்வொரு பொருளுக்கும் உரிய கை எது என முன்னரே வரையறுத்து, பிற கைகள் செய்தி மட்டும் அனுப்புமாறு அமைத்துவிட்டால், காவிரிக் கரையாயினும் பொருநைக் கரையாயினும் கணினித் திரையாயினும் கடைமடை வரை நீர் சேரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஏரி, கால்வாய், கிணறு ஆகியவற்றின் நீரைப் பங்கிடும் முறையைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அதில் 'ஒரு கை' ஒழுங்கு எவ்வாறு அமைந்துள்ளது என எழுதுக.

2. இரு மாணவர்கள் ஒரே கரும்பலகையில் உள்ள எண்ணைத் தனித்தனியே படித்து, தத்தம் குறிப்பேட்டில் கூட்டி, பின்னர்க் கரும்பலகையில் எழுதுக. விடை எப்போது தவறுகிறது என வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. இலக்கணத்தில் கூறப்படும் எழுவகை வழுக்களுள் எவற்றைக் கணினி வழுக்களோடு ஒப்பிடலாம்? காரணம் கூறுக.

4. 'வழு வெளிப்படும் இடமும் அது பிறக்கும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை' என்னும் கருத்தை உங்கள் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.